பொருட்குவிப்பு உதவி அமைப்புகள்

பொருட்குவிப்பு உதவி அமைப்புகள் என்பவை, பொருட்களைக் கைவிட இயலாமல் வீடு நிறையச் சேர்த்து வைக்கும் நடத்தையால் துன்புறுவோருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்கள், சமூக நிறுவனங்கள், தன்னுதவிக் குழுக்கள் ஆகியவற்றைக் குறிக்கும். இவை பெரும்பாலும் ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 2000களிலும் அதன் பின்னரும் தோன்றின. பொருட்குவிப்பு ஒரு தனி உளநோயாக 2013 ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னரே இத்தகைய அமைப்புகளை உருவாக்கியவர்களுள் பலர் மருத்துவர்கள் அல்லர். பாதிக்கப்பட்டோரின் பிள்ளைகள், பாதிப்பிலிருந்து தாமே மீண்டவர்கள், வீடுகளை ஒழுங்குபடுத்தித் தருவதைத் தொழிலாகக் கொண்டவர்கள், செவிலியர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர்.

வீட்டை வெறுமையாக்குவது இவ்வமைப்புகளின் முதன்மை நோக்கம் அன்று. வீட்டில் வாழ்பவர் தம் பொருட்களைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் ஆற்றலைப் பெறச் செய்வதே இவற்றின் நோக்கமாகும்.

சொற்பொருள்

தமிழில் பதுக்கல் என்ற சொல் பெரும்பாலும் வணிகர்கள் விலையேற்றத்தை எதிர்பார்த்து அரிசி, சர்க்கரை, எண்ணெய் போன்ற பண்டங்களை மறைத்து வைப்பதைக் குறிக்கிறது. இக்கட்டுரையில் கூறப்படும் நடத்தை அதனின்று வேறானது. இதில் இலாப நோக்கமோ மறைக்கும் திட்டமோ இல்லை. பழைய செய்தித்தாள்கள், உடைகள், பாத்திரங்கள், உறைகள், பழுதடைந்த கருவிகள் போன்றவற்றை ஒருவர் வீசியெறிய மனம் வராமல் வைத்திருப்பதும், அவை பெருகி வீட்டின் இடத்தை அடைத்துக்கொள்வதுமே இங்குப் பொருட்குவிப்பு எனப்படுகிறது.

அஞ்சல்தலை சேகரிப்பு, நாணயச் சேகரிப்பு போன்ற பொழுதுபோக்குகளும் இதனுள் அடங்கா. சேகரிப்பாளர் ஒரு வகைப் பொருளைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்திப் பிறருக்குக் காட்டி மகிழ்கிறார். பொருட்குவிப்பில் பல வகைப் பொருட்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கின்றன. பாதிக்கப்பட்டவர் அவற்றைக் காட்ட விரும்பாமல், வெட்கத்தால் உறவினரையும் நண்பரையும் வீட்டினுள் அழைப்பதையே நிறுத்திவிடுகிறார்.

உதவி அமைப்புகள் சொற்களில் கவனம் செலுத்துகின்றன. வீட்டில் உள்ளவற்றைக் குப்பை என்று குறிப்பிடாமல் பொருட்கள் அல்லது உடைமைகள் என்றே குறிப்பிடுமாறு அவை தம் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன. ஒருவர் காப்பாற்றி வைத்ததைக் குப்பை என்று சொல்லும் வேற்றாளை அவர் மீண்டும் வீட்டுக்குள் விடமாட்டார் என்பதே இதற்குக் காரணம்.

பொருட்குவிப்பு நடத்தை

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்னும் உளநோய் வகைப்பாட்டு நூலில் பொருட்குவிப்பு தனி நோயாக இடம்பெற்றது. அதற்கு முந்தைய 1994 ஆம் ஆண்டுப் பதிப்பில், பயனற்ற பொருட்களைக் கைவிட இயலாமை என்பது ஓர் ஆளுமைக் குறைபாட்டின் அறிகுறிகளுள் ஒன்றாக மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் ஐ.சி.டி-11 வகைப்பாடும் இதனைத் தனி நோயாகக் கொண்டுள்ளது. அவ்வகைப்பாடு 2019 இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

டி.எஸ்.எம்-5 இன்படி இந்நோயின் முக்கிய இயல்புகள் வருமாறு:

1. பொருளின் உண்மை மதிப்பு எதுவாயினும் அதனைக் கைவிடுவது தொடர்ந்து கடினமாக இருத்தல்.
2. வைத்திருக்க வேண்டும் என்ற உணர்வும், கைவிடும்போது ஏற்படும் துயரமும் இதற்குக் காரணமாக இருத்தல்.
3. பொருட்கள் பெருகி, சமையலறை, படுக்கையறை போன்ற வாழிடங்களை அவற்றின் நோக்கத்திற்குப் பயன்படுத்த இயலாமற் போதல்.
4. இதனால் துன்பமோ, தொழில், உறவு, பாதுகாப்பு ஆகியவற்றில் பாதிப்போ ஏற்படுதல்.
5. மூளைக் காயம் போன்ற வேறு உடல்நோயாலோ வேறு உளநோயாலோ இது ஏற்படாதிருத்தல்.

அறிகுறிகள் பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தோன்றுகின்றன. இருபதுகளின் நடுவில் அன்றாட வாழ்வில் குறுக்கிடத் தொடங்கி, முப்பதுகளின் நடுவில் தெளிவான பாதிப்பை உண்டாக்குகின்றன. வயது கூடக் கூடத் தீவிரமும் கூடுகிறது. இதனால் உதவி அமைப்புகளை நாடுவோரில் பலர் நடுவயதினரும் முதியோருமாக உள்ளனர். இலண்டனில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று மக்களுள் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளதாக மதிப்பிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான பகுப்பாய்வு இதனை 2.5 விழுக்காடு எனக் கணித்தது. ஆண், பெண் இருபாலாரிடமும் இது ஏறத்தாழச் சம அளவில் காணப்படுகிறது.

சோம்பலும் தூய்மையின்மையும் பொருட்குவிப்புக்குக் காரணம் என்பது பரவலான தவறான கருத்தாகும். பாதிக்கப்பட்டோர் பொருட்களைக் குறித்து மிகுதியாகச் சிந்திக்கின்றனர். ஒரு பழைய உறை என்றேனும் பயன்படும், ஒரு செய்தித்தாளில் படிக்காத செய்தி உள்ளது, ஒரு சட்டை மறைந்த தாயை நினைவூட்டுகிறது என ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் தேவிட் தோலின் குழுவினர் 2012 இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வு இதற்குச் சான்றளித்தது. தமக்குச் சொந்தமான தாள்களை வைத்துக்கொள்வதா கைவிடுவதா என முடிவெடுக்கும்போது, இந்நோயுடையோரின் மூளையில் முன் வளைமேடு, உட்செருகு மடல் ஆகிய பகுதிகள் வழக்கத்தை விட மிகுதியாகச் செயற்பட்டன. பிறருடைய தாள்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அவ்வாறு நிகழவில்லை.

வரலாற்றுப் பின்னணி

காலியர் சகோதரர்கள்

பொருட்குவிப்பு பற்றிய பொதுமக்கள் கருத்தை உருவாக்கிய நிகழ்வு 1947 இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் நிகழ்ந்தது. ஹோமர் காலியர், லாங்லி காலியர் என்னும் சகோதரர்கள் ஐந்தாம் நிழற்சாலையில் இருந்த தம் குடும்ப வீட்டில் தனித்து வாழ்ந்து வந்தனர். ஹோமர் பார்வையிழந்து, நடக்க இயலாதவராக இருந்தார். லாங்லி அவரைப் பராமரித்தார். 1947 மார்ச்சு 21 அன்று கிடைத்த தொலைபேசித் தகவலையடுத்துக் காவல்துறையினர் உள்ளே நுழைந்தபோது ஹோமர் இறந்து கிடந்தார். லாங்லியைத் தேடும் பணி பல நாட்கள் நீடித்தது. ஏப்ரல் 8 அன்று அவருடைய உடல், ஹோமர் இறந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 10 அடி தொலைவில் பொருட்குவியலின் கீழ்க் கண்டெடுக்கப்பட்டது. திருடர்களுக்காகத் தாமே அமைத்த பொறியில் சிக்கி அவர் முதலில் இறந்ததாகவும், உணவளிக்க ஆளின்றி ஹோமர் பின்னர் இறந்ததாகவும் முடிவு செய்யப்பட்டது.

அவ்வீட்டிலிருந்து பியானோக்கள், நூல்கள், செய்தித்தாள்கள் உட்பட 100 டன்னுக்கும் மிகுதியான பொருட்கள் அகற்றப்பட்டன. வீட்டின் முன் வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. பொருட்கள் நிறைந்த வீட்டைக் காலியர் மாளிகை என்று அழைக்கும் வழக்கம் அமெரிக்கத் தீயணைப்புத் துறையினரிடையே நிலைத்தது. பொருட்குவிப்பை இரக்கத்திற்குரிய நோயாகக் காணாமல் வேடிக்கைச் செய்தியாகக் காணும் போக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஒரு மாணவியின் வினா

இந்நிலையை மாற்றிய ஆய்வு மாசச்சூசெட்சு மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் நகரில் உள்ள சுமித் கல்லூரியில் தொடங்கியது. அங்கு உளவியல் பேராசிரியராக இருந்த ராண்டி பிராசுட்டிடம், இளநிலை மாணவியான ரேச்சல் குரோசு பொருட்குவிப்பைப் பற்றி ஏன் ஆய்வுகள் இல்லை என்று வினவினார். இத்தகையோர் மிக அரியர் என்றே பேராசிரியர் எண்ணியிருந்தார். ஆயினும் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் தந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகள் வந்தன. இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1993 இல் வெளியானது.

பின்னர் பிராசுட்டும் பாசுட்டன் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணித்துறைப் பேராசிரியர் கெயில் இசுடெக்கட்டீயும் இணைந்து இந்நடத்தைக்கான சிகிச்சை முறையை உருவாக்கினர். இவர்கள் தேவிட் தோலினுடன் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட பெரீட் இன் திரெசர்சு என்னும் தன்னுதவி நூல் பின்னாளில் பல உதவிக் குழுக்களின் பாடநூலாயிற்று. பிராசுட்டும் இசுடெக்கட்டீயும் 2010 இல் வெளியிட்ட இசுடப் என்னும் நூல் பொது வாசகர்களிடையே இந்நோயைப் பற்றிய புரிதலை வளர்த்தது.

ஐக்கிய இராச்சியம்

ஐக்கிய இராச்சியத்தில் இச்சிக்கல் நெடுங்காலம் உள்ளாட்சி மன்றங்களின் சூழல் நலவாழ்வு அலுவலர்களின் பொறுப்பாகவே இருந்தது. 1936 ஆம் ஆண்டின் பொது நலவாழ்வுச் சட்டம், நலவாழ்வுக்குக் கேடான அளவு அசுத்தமான வீட்டைத் தூய்மை செய்யுமாறு அறிவிப்பு அனுப்பவும், செய்யாவிடில் மன்றமே அதனைச் செய்து செலவை வசூலிக்கவும் அதிகாரம் தந்தது. 1999 இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய எ லைப் ஆப் கிரைம் என்னும் தொடர் இலண்டனின் ஹாரிங்கே மன்ற அலுவலர்களின் பணியைக் காட்டியது. போலந்தில் பிறந்த முன்னாள் போர்வீரரான எட்மண்ட் திரெபசு என்னும் முதியவர் தம் வீட்டிலும் தோட்டத்திலும் குவித்திருந்த பொருட்களை அகற்றவிடாமல் அலுவலர்களுடன் வாதிட்ட காட்சிகள் அவரை நாடறிந்தவராக்கின. அவர் 2002 இல் மறைந்தார். அவரை மக்கள் விரும்பினர். ஆயினும், சட்ட அறிவிப்பைத் தவிர இத்தகையோருக்குத் தருவதற்கு அரசிடம் வேறொன்றும் இல்லை என்பதையும் அத்தொடர் வெளிப்படுத்தியது. இவ்வெற்றிடத்தில்தான் உதவி அமைப்புகள் தோன்றின.

அமைப்புகளை நடத்துவோர்

குடும்பத்தினர்

இவ்வமைப்புகளின் பின்னணியில் உள்ளோருள் பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் குறிப்பிடத்தக்கவர்கள். நண்பர்களை வீட்டிற்கு அழைக்க முடியாமலும், வீட்டின் நிலையை வெளியில் சொல்ல முடியாமலும் வளர்ந்தவர்கள் இவர்கள். வளர்ந்தபின் பெற்றோருடைய வீட்டைத் தாமே துப்புரவு செய்ய முயன்று, அதனால் பெற்றோருடன் உறவே முறிந்த பட்டறிவும் இவர்களுள் பலருக்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் சில்ரன் ஆப் ஹோர்டர்சு என்னும் அமைப்பு இத்தகைய பிள்ளைகளால், இத்தகைய பிள்ளைகளுக்காகவே உருவாக்கப்பட்டது.

ஐக்கிய இராச்சியத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜாசுமின் ஹார்மன், தம் தாயின் பொருட்குவிப்பைப் பற்றிய ஆவணப்படத்தை 2011 இல் பிபிசியில் வெளியிட்டார். நாடறிந்த ஒருவர் தம் வீட்டு நிலையை வெளிப்படையாகக் கூறியது, அதே நிலையில் இருந்த பல குடும்பங்கள் பேசுவதற்கு வழிவகுத்தது. அவரே இத்தகைய குடும்பங்களுக்குத் தகவலும் ஆதரவும் தரும் முயற்சி ஒன்றையும் தொடங்கினார்.

பட்டறிவுடையோர்

பொருட்குவிப்பால் தாமே துன்புற்று, ஓரளவு மீண்டபின் பிறருக்கு உதவ முன்வந்தோர் மற்றொரு பிரிவினர். இவர்களைப் பட்டறிவுத் துணைவர் எனலாம். லீ சூயர் இவர்களுள் நன்கு அறியப்பட்டவர். இவர் ராண்டி பிராசுட்டுடன் இணைந்து, மேற்கூறிய தன்னுதவி நூலை அடிப்படையாகக் கொண்ட குழுப் பயிற்சியை வளர்த்தெடுத்தார். மருத்துவர் இல்லாமலே நடத்தத்தக்க இப்பயிற்சியின் பயனைப் பற்றி இவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2012 இல் வெளியானது. இம்முறை பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

பட்டறிவுத் துணைவரின் தனிச்சிறப்பு அவர் தரும் அறிவுரையில் இல்லை. தன் வீட்டின் நிலையை முதன்முதலாக ஒருவரிடம் கூறும்போது, கேட்பவர் அதிர்ச்சியடையாமல் இருப்பதே பலருக்குப் பெரும் உதவியாக அமைகிறது.

வீட்டு ஒழுங்கமைப்பாளர்கள்

பிறருடைய வீடுகளையும் அலுவலகங்களையும் ஒழுங்குபடுத்தித் தருவது மேலை நாடுகளில் ஒரு தொழிலாகும். ஐக்கிய இராச்சியத்தில் இத்தொழிலருக்கான சங்கம் 2004 இல் நிறுவப்பட்டது. சாதாரண ஒழுங்கமைப்புப் பணிக்கென்று சென்று, அங்கே பொருட்குவிப்பைக் கண்டு, இதற்கென்றே தம் பணியை மாற்றிக்கொண்டோர் இவர்களுள் உள்ளனர். மேற்கு மிட்லண்ட்சு பகுதியில் செயற்படும் கிளவுட்சு எண்ட் என்னும் சமூக நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹெதர் மட்டுவோசோ இத்துறையில் அறியப்பட்டவர். ஹோர்டிங் டிசார்டர்சு யூகே என்னும் சமூக நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரான ஜோ குக், பொருட்குவிப்பைப் புரிந்துகொள்வது பற்றி 2017 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

நலவாழ்வு, சமூகப் பணியாளர்கள்

செவிலியர்களும் உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் தம் அலுவல் நேரத்திற்கு அப்பால் இக்குழுக்களை நடத்தி வந்துள்ளனர். இலண்டனில் அறிதிற நடத்தை மருத்துவத் துறையில் செவிலிய ஆலோசகராகப் பணியாற்றிய சத்வந்த் சிங், பொருட்குவிப்போருக்கான ஆதரவுக் குழுவை நடத்தியவர். அவர் மார்கரெட் ஹூப்பர், காலின் ஜோன்சு ஆகியோருடன் இணைந்து எழுதிய தன்னுதவி நூல் 2015 இல் வெளியானது. அதே ஆண்டில் பிரித்தானிய உளவியல் கழகமும் இத்துறைக்கான நற்செயல் வழிகாட்டியை வெளியிட்டது.

இங்கிலாந்தில் அறியப்பட்ட மற்றொரு தொண்டு நிறுவனம் ஹோர்டிங் யூகே ஆகும். மேகன் கார்ன்சு இதன் இயக்குநராகப் பணியாற்றியவர். வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலையில் உள்ளோருக்காக வீட்டு உரிமையாளரிடமும் மன்றங்களிடமும் பரிந்து பேசுவதும், ஆதரவுக் குழுக்கள் நடத்துவதும் இதன் பணிகளுள் அடங்கும்.

தீயணைப்புத் துறையினர்

பொருட்குவிப்பு உள்ள வீட்டில் தீ விரைவாகப் பரவுகிறது. வாயில்கள் அடைபட்டிருப்பதால் உள்ளிருப்பவர் தப்பிப்பதும் வீரர்கள் நுழைவதும் கடினம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகரத் தீயணைப்புப் படையும் அமெரிக்காவின் வூசுட்டர் பல்தொழில்நுட்பக் கழக மாணவர்களும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டியது. 1999 முதல் 2009 வரையிலான காலத்தில், பொருட்குவிப்பு உள்ள வீடுகளில் ஏற்பட்ட தீ நிகழ்வுகள் 48 மட்டுமே. இது வீட்டுத் தீ நிகழ்வுகளில் 0.25 விழுக்காடு ஆகும். ஆனால் அவற்றில் 10 பேர் உயிரிழந்தனர். தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் இது 24 விழுக்காடாக இருந்தது.

இத்தகைய பட்டறிவால் தீயணைப்புத் துறையினர் உதவி அமைப்புகளின் முக்கியக் கூட்டாளிகளாயினர். ஐக்கிய இராச்சியத்தில் தீயணைப்புத் துறைகள் வீடுகளுக்கு இலவசமாக வந்து பாதுகாப்பு நிலையைச் சோதித்துப் புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்துகின்றன. மன்ற அலுவலரை உள்ளே விடாத பலர் தீயணைப்பு வீரரை உள்ளே விடுகின்றனர்.

அறங்காவலர்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சட்டப் பொறுப்பு அதன் அறங்காவலர் குழுவைச் சார்ந்தது. இவர்கள் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. நிதியைக் கண்காணித்தல், நிறுவனம் தன் நோக்கத்திலிருந்து விலகாமல் பார்த்தல் ஆகியன இவர்களது கடமைகள். இத்துறையில் செயற்படும் பிற அமைப்புகள் சில, 2005 முதல் அங்கு நடைமுறையில் உள்ள சமூக நல நிறுவனம் என்னும் வடிவில் பதிவு பெற்றுள்ளன. இவ்வடிவில் சேவைக்குக் கட்டணம் பெறலாம். எனினும் நிறுவனத்தின் சொத்து சமூக நோக்கத்திற்கே பயன்பட வேண்டும்.

பணி முறை

உதவி வேண்டி முதலில் தொடர்பு கொள்பவர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் அல்லர். மகள், சகோதரர், அண்டை வீட்டார், வீட்டு உரிமையாளர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோரே அழைக்கின்றனர். ஆனால் வீட்டில் வாழ்பவரின் இசைவின்றிப் பணி தொடங்குவதில்லை. முதல் சந்திப்புகள் வாயிற்படியிலோ தேநீர்க்கடையிலோ நிகழ்வதும், வீட்டினுள் செல்லப் பல வாரங்கள் ஆவதும் உண்டு.

வீட்டின் நிலையை மதிப்பிட ஒழுங்கின்மைப் படமதிப்பீடு என்னும் கருவி பயன்படுகிறது. பிராசுட், இசுடெக்கட்டீ, தோலின் ஆகியோர் அடங்கிய குழு 2008 இல் வெளியிட்ட இக்கருவியில் கூடம், சமையலறை, படுக்கையறை ஆகிய மூன்றுக்கும் தலா 9 ஒளிப்படங்கள் உள்ளன. முதற்படம் ஒழுங்கான அறையையும், ஒன்பதாம் படம் முற்றிலும் நிரம்பிய அறையையும் காட்டுகின்றன. தம் அறைக்கு மிக நெருங்கிய படத்தை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கிறார். மிகுதி, குறைவு என்னும் சொற்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தருவதால் எழும் வாதத்தை இப்படங்கள் தவிர்க்கின்றன.

அடுத்து, தீங்கு குறைப்பு என்னும் முறை பின்பற்றப்படுகிறது. மைக்கேல் தாம்ப்கின்சு, தமாரா ஹார்ட்டில் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட நூல் இதனை விளக்கியது. வீடு முழுவதையும் ஒழுங்காக்க முயலாமல், உயிருக்கு ஆபத்தானவை முதலில் கவனிக்கப்படுகின்றன. வாயிலுக்குச் செல்லும் வழி, அடுப்பைச் சுற்றிய இடம், வெப்பமூட்டியின் அருகில் உள்ள தாள்கள், மாடிப்படி ஆகியன முதலிடம் பெறுகின்றன. ஒருவர் எப்பொருளையும் கைவிட இசையாவிடினும், அடுப்பின் மீதுள்ள தாள்களை வேறிடத்திற்கு நகர்த்த இசைவார். அந்த இசைவே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

பின்னர் ஒரு மேசை, ஒரு நாற்காலி என்று சிறு பரப்புகளில் பணி நடைபெறுகிறது. வைத்திருப்பவை, பிறருக்குத் தருபவை, கழிப்பவை எனப் பொருட்கள் பிரிக்கப்படுகின்றன. துணைவர் எப்பொருளையும் தாமாக எடுப்பதில்லை. எடுப்பதும் முடிவு செய்வதும் வீட்டுக்காரரே. புதிய பொருட்களை வாங்கிச் சேர்க்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தவும் பயிற்சி தரப்படுகிறது. கடைக்குச் சென்று எதையும் வாங்காமல் திரும்புவதும் ஒரு பயிற்சியே.

கட்டாயத் துப்புரவின் விளைவு

வீட்டுக்காரர் இல்லாதபோது எல்லாவற்றையும் அகற்றிவிடுவது குடும்பத்தினருக்கும் அலுவலர்களுக்கும் எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆயினும் இது பெரும்பாலும் நிலைப்பதில்லை. பிராசுட், இசுடெக்கட்டீ, வில்லியம்சு ஆகியோர் மாசச்சூசெட்சு நலவாழ்வு அலுவலர்களிடம் நடத்தி 2000 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிற்றூரின் நலவாழ்வுத் துறை தன் நிதியின் பெரும்பகுதியான 16,000 டாலரை ஒரே வீட்டைத் துப்புரவு செய்யச் செலவிட்ட நிகழ்வு பதிவாகியுள்ளது. 18 மாதங்களில் அவ்வீடு பழைய நிலையை அடைந்தது.

இதன் காரணம் தெளிவானது. துப்புரவு பொருட்களை அகற்றுகிறது. பொருளோடு உள்ள பிணைப்பு, முடிவெடுப்பதில் உள்ள இடர்ப்பாடு, இழப்பின் துயரம் ஆகியவற்றை அது தொடுவதில்லை. மேலும், நம்பியவர்களே தம் உடைமைகளை எடுத்துச் சென்றனர் என்ற எண்ணம் பாதிக்கப்பட்டவரை மேலும் தனிமைப்படுத்துகிறது. அதன்பின் உண்மையான உதவிக்கு வருபவருக்கும் கதவு திறப்பதில்லை. இதனாலேயே உதவி அமைப்புகள் காலதாமதத்தை ஏற்றுக்கொண்டு படிப்படியான முறையை வலியுறுத்துகின்றன.

சட்டப் பின்னணி

இங்கிலாந்தில் மூன்று சட்டங்கள் இப்பணியோடு நேரடித் தொடர்புடையன.

மனத்திறன் சட்டம் (2005): பிறர் பார்வையில் அறிவுடைமையற்ற முடிவு ஒன்றை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை முடிவெடுக்கும் திறனற்றவராகக் கருதலாகாது என்று இச்சட்டம் கூறுகிறது. இதனால் திறனுள்ள ஒருவரின் பொருட்களை அவருடைய நன்மைக்கு என்று சொல்லி அகற்ற இயலாது.

சமத்துவச் சட்டம் (2010): ஓர் உளநோய் அன்றாட வாழ்வை நெடுங்காலம் பெரிதும் பாதித்தால் அது மாற்றுத்திறன் நிலையாகக் கருதப்படும். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் வழக்குகளில் பரிந்துரைப்போர் இச்சட்டத்தை எடுத்துக்காட்டுகின்றனர்.

பராமரிப்புச் சட்டம் (2014): 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் வழிகாட்டுதல்கள், தன்னைப் புறக்கணித்தல் என்னும் பிரிவில் பொருட்குவிப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. இதன் பின்னர் உள்ளாட்சி மன்றங்களின் சமூகப் பணித்துறைகளும் இச்சிக்கலில் பொறுப்பேற்க நேர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் நலவாழ்வு, வீட்டுவசதி, தீயணைப்பு, முதியோர் நலம் ஆகிய துறைகள் இணைந்த பணிக்குழுக்கள் உருவாயின. வர்ஜீனியா மாநிலத்தின் பேர்பேக்சு மாவட்டத்தில் 1989 இல் அமைந்த குழு இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. சான் பிரான்சிசுகோ பணிக்குழு 2009 இல் வெளியிட்ட அறிக்கை, பொருட்குவிப்பால் அந்நகரின் வீட்டு உரிமையாளர்களுக்கும் சேவை அமைப்புகளுக்கும் ஆண்டுதோறும் 64 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட செலவு ஏற்படுவதாக மதிப்பிட்டது.

பயன் பற்றிய ஆய்வு

பொருட்குவிப்புக்கு மிகுதியாக ஆராயப்பட்ட சிகிச்சை அறிதிற நடத்தை மருத்துவமாகும். இது பலருக்கு முன்னேற்றம் தருகிறது. எனினும் சிகிச்சைக்குப் பின்னரும் பலருக்குக் குறிப்பிடத்தக்க அறிகுறிகள் எஞ்சியிருக்கின்றன. இதில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் குறைவு.

மருத்துவர் அல்லாதோர் நடத்தும் குழுக்கள் பயனளிக்குமா என்னும் வினாவிற்குச் சான் பிரான்சிசுகோவில் நடந்த ஆய்வு ஒன்று விடையளித்தது. உளமருத்துவர் கேரல் மாத்யூசு தலைமையிலான குழு, அந்நகரின் உளநலச் சங்கத்துடன் இணைந்து 323 பேரிடம் இவ்வாய்வை நடத்தி 2018 இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பிரிவினர் உளவியலாளர் நடத்திய குழுவிலும், மற்றொரு பிரிவினர் பட்டறிவுத் துணைவர் நடத்திய குழுவிலும் சேர்க்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் அடைந்தனர். முன்பு இதே துன்பத்தில் இருந்தவர்கள் தரும் உதவி மருத்துவ வல்லுநரின் உதவிக்குத் தாழ்ந்ததன்று என்பதற்கு இவ்வாய்வு முக்கியச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

நிதி: ஒருவருக்குத் துணைநிற்கும் பணி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீள்கிறது. ஆனால் நன்கொடைகளும் மானியங்களும் குறுகிய காலத்திற்கே கிடைக்கின்றன. பணி பாதியில் நின்றால், பெற்ற நம்பிக்கையும் அதனுடன் இழக்கப்படுகிறது.

தொலைக்காட்சி: ஐக்கிய அமெரிக்காவில் 2009 இல் ஹோர்டர்சு என்னும் தொடர் தொடங்கியது. அதனைப் போன்ற நிகழ்ச்சிகள் சில நாட்களில் ஒரு வீட்டைத் துப்புரவு செய்து காட்டுகின்றன. இவை நோயைப் பலரும் அறியச் செய்தன. அதே வேளையில், விரைவான துப்புரவே தீர்வு என்ற எண்ணத்தையும், பாதிக்கப்பட்டோரைக் காட்சிப்பொருளாக்கும் போக்கையும் வளர்த்தன என்று விமர்சிக்கப்படுகின்றன.

உரிமையும் பாதுகாப்பும்: பல குடும்பங்கள் நெருக்கமாக வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டின் தீ ஆபத்து அனைவரையும் பாதிக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பின் அவர்களுடைய நலனும் கருதப்பட வேண்டும். ஒருவர் தம் விருப்பப்படி வாழும் உரிமைக்கும் பிறருடைய பாதுகாப்புக்கும் இடையில் எல்லையை எங்கு வகுப்பது என்பதில் அமைப்புகளுக்கும் மன்றங்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் எழுகின்றன.

பணியாளர் நலம்: இப்பணியில் முன்னேற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. மீண்டும் பொருட்கள் குவிவதும் இயல்பு. தம் பெற்றோரின் நிலையைக் கண்டு இப்பணிக்கு வந்தவர்களுக்குப் பழைய துயரம் மீள எழுவதுண்டு. எனவே பணியாளருக்கும் தன்னார்வலருக்கும் முறையான வழிநடத்தலும் ஆதரவும் தேவைப்படுகின்றன.

விழிப்புணர்வு வாரம்

ஐக்கிய இராச்சியத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பொருட்குவிப்பு விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. உதவி அமைப்புகள், தீயணைப்புத் துறைகள், வீட்டுவசதிச் சங்கங்கள், உள்ளாட்சி மன்றங்கள் ஆகியன இவ்வாரத்தில் கூட்டங்களும் பயிற்சிகளும் நடத்துகின்றன. வெட்கத்தால் உதவி நாடாதிருப்போரை அடைவதே இதன் முதன்மை நோக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

உளநோய்
அறிதிற நடத்தை மருத்துவம்
எண்ணச் சுழற்சி நோய்
தன்னுதவிக் குழு
தொண்டு நிறுவனம்